தேறக் கூடாத சோதனை

இதயச் சோதனை அறைக்கு வெளியே தையல்காரர் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார். உள்ளே டிரெட்மில்லில் அவர் மனைவி நடந்துகொண்டிருந்தாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பயப்படாதீங்கய்யா. அம்மா குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க. இதயத்துல ஒரு குறையுமில்ல."

தையல்காரரின் முகம் தொங்கிப்போனது.

"என்னய்யா, நல்ல சேதி சொன்னா இப்படி ஆயிட்டீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான் பாஸுங்க! காலையில உங்களைத் தனியா கூப்பிட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

இனி மறைத்துப் பயனில்லை.

"மூணு வருஷம் டயாலிசிஸ் பண்ணதுல என் இதயக் குழாய் ரெண்டு அடைச்சிருக்காம். இந்த நிலைமையில கிட்னி மாற்று ஆபரேஷனைத் தாங்குறது சந்தேகம்தானாம். ஏதாச்சும் சின்னக் குறை சொல்லி உன்னைக் கழிச்சிட மாட்டாங்களான்னு வேண்டிக்கிட்டிருந்தேன். இந்தப் பாழாப்போன உடம்புக்கு உன் கிட்னியை எதுக்கு அறுத்து எடுக்கணும்?"

அவள் தொப்பென்று அருகில் உட்கார்ந்தாள்.

"அடைப்பை எடுக்க வழி இருக்காமா?"

"இருக்காம். ஆனா மாசக்கணக்குல தள்ளிப்போகும்."

"போகட்டும். முதல்ல அதைப் பார்ப்போம்." அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கிட்னி எங்கே ஓடிடப் போகுது? எங்கிட்டதானே இருக்கு!"