தானாகவே அமைக்கட்டுமா?

மருத்துவமனையின் சர்வர் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்கிறது. புது மென்பொருளை நிறுவும் கணினிப் பொறுப்பாளரின் விரல் விசைப்பலகைமேல் தயங்கி நிற்கிறது. தரவுத்தளத்தைத் தானே அமைத்துவிடட்டுமா என்று நீலத் திரை கேட்கிறது. "ஆம்னு தட்டுங்கக்கா, அதுவே முடிச்சிரும்," என்கிறான் மென்பொருள் விற்றவன். "ஏற்கெனவே இருக்கிற நோயாளிங்க விவரத்தை என்ன பண்ணும்?" என்கிறாள் அவள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா." சொல்லும்போதே அவன் பார்வை கதவுப் பக்கம் நழுவுகிறது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. 'இல்லை'யைத் தட்டிவிட்டுக் கையாலேயே அமைக்கத் தொடங்குகிறாள். முதல் கட்டளைக்கே திரையில் சிவப்பு எழுத்து: இதே பெயரில் ஒரு தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா? 'ஆம்' தட்டியிருந்தால் இதைக் கேட்காமலேயே அழித்திருக்கும். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை இருமுகிறது. அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்புகிறாள். "தம்பி, இதுக்கு முன்னாடி எத்தனை ஆஸ்பத்திரியில ஆம்னு தட்டுனீங்க?"