மைனா சொன்ன மருந்து

அணிலுக்கு வாயெல்லாம் புண். மூன்று நாளாக ஒரு கடலையைக்கூடக் கடிக்க முடியாமல் வேலியோரம் சுருண்டு கிடந்தது.

யாருக்கு என்ன நோவு என்றாலும் மைனா மருந்து சொல்லாமல் போகாது. "இதுக்குப் போயா கலங்குறே? மணத்தக்காளியைத் தின்னு, ஆறிடும்!" என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்து நோயாளியைப் பார்க்கப் பறந்துவிட்டது.

மறுநாள் வந்து பார்த்தால், அணில் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது. பக்கத்துச் செடியில் ஒரு பச்சைக் காய்கூட மிச்சமில்லை.

"ஐயையோ, பழத்தையல்லவா தின்னணும்! பச்சைக் காய் ஆகாதே!"

"அதை நீ சொல்லவே இல்லையே" என்று முனகியது அணில்.

அன்று மைனா வேறெங்கும் போகவில்லை. அலகில் தண்ணீர் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக ஊட்டியது.

அதிலிருந்து நாலாம் நாள் அணில் எழுந்து உட்கார்ந்தது. மைனா தூரத்துச் செடியிலிருந்து, கன்னங்கரேலென்று பழுத்த பழம் இரண்டைக் கொண்டுவந்து வைத்தது. அணில் பயந்து பின்வாங்கியது.

மைனா ஒரு பழத்தை அதன் கண்ணெதிரே விழுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

வெயில் சாயும்வரை மைனாவையே பார்த்துக்கொண்டிருந்த அணில், பிறகு மற்றப் பழத்துக்கு மெல்ல வாயைத் திறந்தது.