முப்பது மீட்டருக்கு மேலே

முப்பது மீட்டர் என்றால் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். "பாத்தா தெரியும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

பார்த்தேன். தெரியவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பெருமாள் கோயிலில் கும்பாபிஷேகம். புனித நீரைக் கூட்டத்தின் மேல் தெளிக்க ட்ரோன் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஆவடி விமானப்படைத் தளம் இருப்பதால் அனுமதி கிடைத்ததே பெரிய விஷயம். முப்பது மீட்டரைத் தாண்டினால் ட்ரோனைப் பறிமுதல் செய்து, அதை இயக்குகிற கிரண் மேல் வழக்குப் போட வேண்டும். அந்த வேலை எனக்கு. அளக்க ஒரு கருவியும் தரவில்லை. கடவுள் கொடுத்த கண்தான்.

எத்தனையோ கும்பாபிஷேகம் பார்த்திருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்வேன். உண்மையில் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ் கோபுரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். அண்ணாந்து பார்க்கவே டியூட்டி கிடைத்தது இன்றைக்குத்தான்.

கலசத்தில் நீர் ஊற்றினார்கள். ட்ரோன் தாழப் பறந்து தெளித்தது. என் முகத்திலும் நாலு சொட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ட்ரோனைக் காணோம்.

"கருடன்! கருடன்!" என்று கூட்டம் கத்தியது.

கோபுரத்துக்கும் மேலே, வெகு உயரத்தில், சூரியனை ஒட்டி ஒரு கரும்புள்ளி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

படுபாவி கிரண், ட்ரோனை வானத்துக்கே ஏற்றிவிட்டானே!

காலையிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கி எங்க ஊட்டுக்காரருக்கு ஆபரேசன்மா. இன்னா ஆவுமோன்னு பயந்துகினே வந்தேன். கருடனே வந்துட்டாரு, பொயச்சிக்குவாரு."

அழுதுகொண்டே சிரித்தார்.

தோளில் வாக்கி டாக்கி அலறியது. "மோகனப்பிரியா, மேல சுத்துறது என்னம்மா? ட்ரோனா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருடன் சார்" என்றேன்.

வேலைக்கே உலை வைக்கிற பொய். கிரணை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பந்தலுக்குப் பின்னால் ஓடினேன்.

அவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ட்ரோன் இருந்தது. பேட்டரி தனியாகக் கிடந்தது.

"சார்ஜ் பூட்சி மேடம். தண்ணி தெளிச்ச ஒடனே எறக்கிட்டேன்."

அண்ணாந்தேன். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கை ஒருமுறை அசைந்தது.

வேம்புலியம்மாளின் வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்காகத்தான் முதலில் நன்றி சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டார். வாக்கி டாக்கி பொத்தானை அழுத்தக் கை இல்லை. என் இரண்டு கைகளும் குவிந்திருந்தன.