கருகல் வாசனை

கதவு தட்டப்பட்ட பிறகுதான் பெரியவர் அடுப்பை அணைத்தார்.

மாடி வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இன்னிக்கும் தீய விட்டுட்டீங்களா அங்கிள்? எங்க வீடு பூரா புகை!"

"முந்திரி வறுத்தேம்மா. அசந்த நேரத்துல கருகிடுச்சு."

"தள்ளுங்க, நானே பண்ணித் தரேன்."

வேறு முந்திரியை எடுத்துச் சிறுதீயில் வறுத்தாள். சர்க்கரைப் பாகில் புரட்டி, மிளகாய்த்தூள் தூவினாள். தன் மகனின் பரீட்சையில் தொடங்கிய அவள் பேச்சு மாமியாரில் வந்து முடிந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தீயைக் குறைச்சு வெச்சா போதும். இதுகூடவா தெரியாது?"

"நான் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்கும்மா."

சிரித்தபடியே போய்விட்டாள். வீடு மறுபடி வாயை மூடிக்கொண்டது.

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. பேக்கரியில் காலமெல்லாம் முந்திரி வறுத்த மாஸ்டரின் நாக்குக்கு அது தெரியாதா?

குடிவந்த புதிதில், தன் கையால் பதமாக வறுத்த முந்திரியை டப்பா நிறைய அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாதி திறந்த கதவு வழியே வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று சாத்திவிட்டாள்.

கருகிய முந்திரியைக் கொட்டாமல், நாளைக்கும் புகைய விடுவதற்காகப் பத்திரமாக எடுத்து வைத்தார்.