வரைபடத்தில் ஒரு ஏரி

"ஏரிக்குள்ள வீடு கட்டினா இடிக்காம கொஞ்சுவாங்களா?" என்றார் நகராட்சி வரைவாளர்.

"எங்க தெருவுல ஏரியே கிடையாது சார்!" தையல்காரம்மா இடிப்பு நோட்டீஸை அவர் மேசைமேல் வைத்தாள்.

"வானத்துலேர்ந்து எடுத்த போட்டோ பொய் சொல்லுமா? பாருங்க, நீலமா பளபளன்னு! இதை வெச்சுப் போட்ட நிலத் திட்டம் கவுன்சில்ல நேத்தே பாஸாயிடுச்சு. இருபது வருஷத்துக்கு எவனாலயும் மாத்த முடியாது."

அவள் குனிந்து பார்த்தாள். நீலத்துக்கு நடுவே அவள் வீட்டு வாசல் மரம் நின்றது.

"எப்ப சார் எடுத்தது?"

"போன புயலுக்கு மறுவாரம்."

அவள் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அது தண்ணி இல்ல சார். கூரை பறந்துபோன நாப்பது வீட்டுக்கும் மேல மூடிக்கச் சொல்லி நீங்களே குடுத்தீங்களே... அந்த நீலத் தார்ப்பாய்!"