முயல் கண்ணி

“மாமா, இது தக்காளி மூட்டை இல்ல. முயல். இப்படிக் கட்டுனீகன்னா சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போயிரும்” என்றான் விஜய்பாண்டி.

மாமனார் பேச்சிமுத்து கட்டியதை அவிழ்த்தார். கம்பம் மார்க்கெட்டில் முப்பது வருடமாகச் சாக்கு தைக்கும் கை. கம்பியைக் கொடுத்தாலும் அது மூட்டை முடிச்சையே போட்டது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

அடுப்படியிலிருந்து மகள் பவானி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எட்டு மாதம். உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு, துணைக்கு எப்போதும் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“அம்பத்தெட்டு வயசுல வேட்டைக்குப் போறாகளாம்! கோழி அறுத்தாலே கண்ணைப் பொத்திக்கிற ஆளு. எனக்கு முயல் கறி வேணும்னு யாரு அழுதா?”

“நீ உள்ள போ ஆத்தா. மாப்பிள சொல்றதை நான் கவனிக்கணும்.”

விஜய்பாண்டி முதலிலிருந்து சொன்னான். பழைய பைக்கின் கிளட்ச் வயர்தான் கண்ணி. ஒரு முனையை வளைத்து முறுக்கினால் சின்னதாக ஒரு காது. மறுமுனையை அந்தக் காதுக்குள் விட்டு இழுத்தால் வளையம். மிச்ச வயரை வேலிக்காலோடு கட்டிவிட வேண்டும்.

முயல் தலையை நுழைத்து இழுக்கும்போது வளையம் சுருங்கும். அது நின்றுவிட்டால் வளையமும் நின்றுவிடும். ஆனால் பயந்துபோன உயிர் எதுவும் நிற்பதில்லை. கண்ணி பாதி வேலையைத்தான் செய்கிறது; மீதியை மாட்டிய உயிரே செய்துகொள்கிறது.

“இப்ப நீங்க சொல்லுங்க. எங்கன வைக்கணும்?”

“வேலிச் சந்துல, புல்லு படுத்துக் கெடக்குற எடத்துல. வந்த வழியிலதான் அது மறுபடி வரும்.”

“தரையிலருந்து எம்புட்டு உசரம்?”

“நாலு விரக்கடை.”

“சரி, கட்டுங்க.”

பேச்சிமுத்து வயரை வளைத்து இரண்டு முறுக்கு முறுக்கினார்.

“மூணு, மாமா.”

“ரெண்டுலயே இறுகி நிக்குதேப்பா. முயலுக்கு இது பத்தாதா?”

“முயலுக்குப் பத்தும். நீங்க மூணு முறுக்குங்க. கடைசி முறுக்கு இடப்பக்கமா.” சொல்லும்போது அவன் மாமனார் முகத்தைப் பார்க்கவில்லை.

வயரின் பிசிறு விரலைக் கிழித்தது. பேச்சிமுத்து ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“வேணாம் மாமா. நானே போயிர்றேன்.”

“போயிட்டா? திடீர்னு அவளுக்கு வலி வந்தா யாரு தூக்கிட்டு ஓடுறது? சாக்கு ஊசியில நூல் கோக்கவே எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. வயரைக் குடு.”

“எத்தனை முயலுக்கு மசாலா அரைக்கட்டும்?” உள்ளேயிருந்து பவானி சிரித்தாள். “பேரனுக்கு ஒண்ணு எடுத்து வைங்க!”

பேச்சிமுத்து வயரை மறுபடி வளைத்தார்.

பத்தாவது கண்ணி சரியாக அமைந்தது. பேச்சிமுத்து தன் மணிக்கட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். வளையம் சத்தமில்லாமல் இறுகியது. விஜய்பாண்டி காதின் முறுக்குகளைத் தடவி எண்ணிவிட்டுத் தலையசைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“மணி என்ன மாப்பிள?”

“நாலாகப் போகுது. அவுக வர்ற நேரந்தான்.”

வாசலில் பச்சை ஜீப் வந்து நின்றது. பவானி கை ஈரத்தோடு வெளியே வந்தாள். இறங்கிய வனத்துறை அதிகாரியின் கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. அதற்குள், காதில் மூன்று முறுக்கோடு அறுத்தெடுத்த வயர்.

“முந்தாநாள் மலையடிவாரத் தோட்டத்துல ஒரு சிறுத்தைக் குட்டி கழுத்து இறுகிச் செத்துக் கெடந்துச்சு. அங்க கண்ணி வச்சது இந்த வீட்டு ஆளுன்னு தகவல் வந்திருக்கு. யாரு அது?”

விஜய்பாண்டி எழப்போனான். பேச்சிமுத்து அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தார்.

“நான்தான் சார், கட்டிக் காட்டவா?”