கைபடாத காசு

மேற்குத் தாம்பரத்தில் பழைய நாணயங்கள் விற்றுவந்த ஏசுபாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காந்தாவுக்கு ஆள் அனுப்பினார். 1982-இல் நாணயச் சாலை சீல் வைத்த பொட்டலம் ஒன்று, பன்னிரண்டு வருஷமாகப் பிரிக்கப்படாமல் அவர் கைக்கு வந்திருந்தது. பழைய காசுகள் சேர்க்கும் நர்ஸான காந்தா அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஓட்டமாக வந்து சேர்ந்தாள்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு சீலைப் பிரித்தார். ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் பிடித்து லென்ஸின் கீழ் சாய்த்தார்.

“கீறல் இல்ல, உரசல் இல்ல. இன்னா பளபளப்பு பாரும்மா! முதல் தரம்!”

காசைத் திருப்பியதும் அவர் முகம் வாடியது. “அடடா, கட்டைவிரல் ரேகை கீதே. தரம் போச்சு.”

“துடைச்சுப் பாருங்க சார்.”

“புது ரேகைன்னா போவும். இது காசுலயே ஊறிப்போச்சு. பல வருஷம் ஆயிருக்கும்.”

காந்தா குனிந்து பார்த்தாள். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. போன மாதம் ஊசி மருந்துக் குப்பி உடைந்து கிழித்ததில் அவள் கட்டைவிரலில் ஏற்பட்டிருந்ததும் அதே தழும்புதான். விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கோடும் பொருந்தியது.

காந்தாவுக்கு ஆவல் தாங்கவில்லை. பயமாக இல்லை. “அடுத்ததை எடுங்க சார், சீக்கிரம்!”

அடுத்த காசிலும் அதே ரேகை இருந்தது. ஆனால் அந்தத் தழும்புக்குப் பக்கத்தில், அதைவிட நீளமாக, அவள் விரலில் இல்லாத இன்னொரு தழும்பும் இருந்தது.